இடது கைக்கு வெட்டிய நிப்பு

சேலம் அரிசிபாளையத்தில் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்த சவரியாரின் மகள் மரியபுஷ்பம், தவழ்ந்த நாளிலிருந்தே எதையும் இடது கையால்தான் எடுத்தாள். பொம்மையை நீட்டினாலும் இடது கை, ஜெபமாலையை நீட்டினாலும் இடது கை. சவரியார் முதலில் அதட்டிப் பார்த்தார். பிறகு சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய இடது கையை ஒரு துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். பசி பொறுக்காமல் வலது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டாள். சிலுவை போடவும் வலது கை வந்தது. எழுத மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பார்க்கும்போது வலது கையில் கிறுக்குவாள். டீச்சர் திரும்பியதும் பலப்பம் கை மாறிவிடும். விரல் முட்டியில் பிரம்படி வாங்காத வாரம் இல்லை.

"சோத்துல தோத்துட்டேன். எழுத்துல விடல" என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் காலத்தில் கல்யாணம் என்றால் வாழ்த்து மடல் படித்துக் கொடுப்பது பெரிய மரியாதை. கெட்டியான அட்டையில் பட்டையான எழுத்தில் வாழ்த்துப்பாவை எழுதி, ஓரத்தில் கொடியும் பூவும் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, மேடையில் ஒருவர் உரக்கப் படித்து மணமக்கள் கையில் கொடுப்பார். பிறகு அது அந்த வீட்டுக் கூடத்தில் ஆயுசுக்கும் தொங்கும். அச்சடித்த மடல்களும் உண்டு. ஆனால் கையால் எழுதியதுதான் கௌரவம். மரியபுஷ்பம் போன வீட்டில் எல்லாம் சுவரில் தொங்கும் மடல்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். எந்த இடத்தில் கோடு தடிக்கிறது, எந்த இடத்தில் மெலிகிறது என்று கண்ணாலேயே அளந்து வந்து, வீட்டில் கரியால் தரையில் போட்டுப் பார்ப்பாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வந்திருந்தால் முதலில் கையைத்தான் மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

மிக்கேலுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து, வாங்குகிற குடத்திலும் அண்டாவிலும் உளியால் பேர் வெட்டித் தருவது அவன் வேலை. அவனும் நாள் முழுக்க எழுத்தோடு பிழைக்கிறவன் என்பதாலோ என்னவோ, மனைவி எந்தக் கையால் எழுதுகிறாள் என்பது அவனுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. எழுத்தைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு, நாலு கடை தள்ளியிருந்த தீர்த்தகிரியிடம் கூட்டிக்கொண்டு போனான்.

தீர்த்தகிரி படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரர். வாழ்த்து மடலுக்கும் ஆர்டர் பிடிப்பார். 1957 முதல் மரியபுஷ்பம் அந்தக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து எழுதினாள். கேட்பவர்களிடம் "நம்ம ஆளு ஒருத்தர் இருக்காருங்க" என்பார் தீர்த்தகிரி. அந்த ஆள் ஒரு பெண் என்பதையும் சொல்ல மாட்டார், எந்தக் கை என்பதையும் சொல்ல மாட்டார். அவளும் அப்போது அதைப் பொருட்படுத்தவில்லை. நிப்பும் அட்டையும் கையில் கிடைத்ததே போதும் என்றிருந்தது.

எழுதுவது கடுக்காய் மையில். கடுக்காயை நசுக்கி ஊறவைத்து, இரும்பு உப்பான அன்னபேதி கலந்து, வேலம்பிசின் சேர்த்து அவளே கூட்டுவாள். எத்தனை ஆண்டு ஆனாலும் வெளுக்காத மை. ஆனால் இரும்புக்கு அதைப் போல எதிரி கிடையாது. நிப்பின் முனையில் ஒரு பொட்டு காய்ந்திருந்தாலும் மறுநாள் அந்த இடம் செம்மண் நிறத்தில் பூத்திருக்கும். இரண்டு நாள் விட்டால் பிளவுக்குள் துரு இறங்கி, எழுதும்போது மை திக்கித் திக்கி வரும். அதனால் நாலு வரிக்கு ஒரு தரம் நிப்பைத் தண்ணீரில் அலசித் துடைப்பாள். வேலை முடிந்ததும் நிப்பைப் பேனாக் கட்டையிலேயே விட்டு எழுந்திருக்க மாட்டாள். கட்டையின் முனையில் நிப்பைச் செருகும் தகரக் குழல் இருக்கிறதே, ஈரம் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். நிப்பைக் கழற்றித் துடைத்து, குழலுக்குள் துணித் திரியை விட்டுச் சுழற்றி எடுத்து, இரண்டையும் வெயிலில் காட்டி, தையல் மெஷின் எண்ணெயை விரலால் தொட்டுத் தடவி, சாக்பீஸ் துண்டுகள் போட்ட தகர டப்பாவில் வைப்பாள். சாக்பீஸ் டப்பாவுக்குள் இருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். எழுதப் போகும்போது எண்ணெய்ப் பசை போக நிப்பை ஓர் உருளைக்கிழங்குத் துண்டில் குத்தி எடுத்தால் மை ஒழுங்காகப் பிடிக்கும்.

தீர்த்தகிரிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. பட்டை நிப்புகள் அப்போது சீமையிலிருந்து வந்தன. ஒன்று போனால் இன்னொன்று என்றிருந்தார். பிறகு வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. மெட்ராஸ் கடைகளிலேயே பட்டை நிப்பு இல்லை என்று கையை விரித்தார்கள். கடையில் இருந்த நிப்புகள் நீடித்து உழைத்தது அவள் கைப் பக்குவத்தால்தான். அதைத் தீர்த்தகிரி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

1961 வைகாசியில், மல்லசமுத்திரத்திலிருந்து சென்னியப்பன் என்ற பெரிய விவசாயி கடைக்கு வந்தார். மகள் பொன்னாத்தாளின் கல்யாணத்துக்குப் பங்காளிகள் கொடுக்கும் மடல் அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. பேர்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், நேரே பின்னறைக்குள் நுழைந்துவிட்டார். மரியபுஷ்பம் அட்டையைக் குறுக்கே திருப்பி வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். நேராக வைத்தால் அவள் கை ஈர மையின்மேல் போகும். அதற்காக மேலிருந்து கீழாக எழுதுவது அவள் வழக்கம். சென்னியப்பன் அவள் கையையே பார்த்தார்.

"ஏனுங்க தீர்த்தகிரி, இந்த அம்மிணி பீச்சாங்கையில எழுதுதுங்களே."

"பழக்கமுங்க. எழுத்தைப் பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு."

"எழுத்தைக் குத்தஞ் சொல்லலீங்க. எங்கூட்டுக் கல்யாணத்துல பீச்சாங்கை வாழ்த்து வேண்டாமுங்க. சோத்தாங்கையில எழுதச் சொல்லுங்க. நானு இருந்தே வாங்கிட்டுப் போறேன்."

தீர்த்தகிரி அவளைப் பார்த்தார். அவள் நிப்பை அலசித் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க வீட்டுல மாடு கறக்கறதுண்டுங்களா?"

"பட்டி நெறைய நிக்குது. அதுக்கென்ன இப்ப?"

"ரெண்டு கையிலயும்தான கறப்பாங்க?"

"ஆமா."

"இடது கை கறந்த பாலை மட்டும் தனியா எடுத்துக் கீழ ஊத்திருவீங்களா?"

சென்னியப்பன் முகம் கறுத்தது.  "வாய் நீளமா இருக்குதுங்க இந்த அம்மிணிக்கு" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

தீர்த்தகிரி குரலைத் தாழ்த்தினார். "புஷ்பம்மா, இந்த ஒரு மடலுக்கு மட்டும் சோத்தாங்கையில எழுதற மாதிரி நாலு எழுத்து இழு. அவர் போய்ச் சாப்பிட்டு வரட்டும். மிச்சத்தை உன் கையில முடிச்சிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே. ஒளிச்சு எழுதினதெல்லாம் பள்ளிக்கூடத்தோட சரிங்க மொதலாளி."

"பெரிய குடும்பம்மா. மல்லசமுத்திரம் பக்கம் பூரா அவங்க சொந்தக்காரங்கதான். அத்தனை ஆர்டரும் போயிரும்."

"போவட்டும். நான் திருடலையே. பொய் சொல்லலையே. எழுதறேன். அவ்வளவுதான்."

"அப்படின்னா கடைக்கு வேற ஆளைத்தான் பாக்கணும்."

அவள் அட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். நிப்பைக் கழற்றினாள். அந்தச் சூட்டிலும் அதைக் கழுவி, துடைத்து, வாசல் வெயிலில் காய வைத்து, எண்ணெய் தொட்டு டப்பாவில் போட்டாள். நிப்புகள் கடையினுடையவை. கட்டைகளும் கடையினுடையவை. டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"மை காயறதுக்குள்ள கழுவச் சொல்லுங்க, வர்ற ஆளை" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தன்னிடம் ஒரு நிப்புகூட இல்லை என்பது உறைத்தது. சேலத்தில் எழுதுபொருள் கடை எல்லாவற்றிலும் ஏறி இறங்கினாள். கூர்நிப்புதான் இருந்தது. மூங்கிலைச் சீவி எழுதிப் பார்த்தாள். பெரிய எழுத்துக்குச் சரிப்பட்டது, வாழ்த்துப்பாவின் சின்ன வரிகளுக்கு உதவவில்லை. மிக்கேலுக்கு மனம் கேட்கவில்லை. "வேணும்னா நான் தீர்த்தகிரிகிட்டப் பேசறேன்" என்றான். "பேசுங்க, ஆனா எனக்காகப் பேசாதீங்க" என்றாள்.

அந்த ஆடியில் காவிரியில் வெள்ளம் வந்தது. குமாரபாளையத்தில் கரையோரக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் கெட்டுப்போன சரக்கெல்லாம் எடைக்குப் போட்டார்கள். செவ்வாய்ப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஆண்டி ஒரு வண்டி நிறைய வாங்கி வந்தார். தாழ்ப்பாள், ஆணி, தறிச் சாமான்களுக்கு நடுவே, சேறு படிந்த செங்கல் மாதிரி ஒரு கட்டி கிடந்தது. மிக்கேல் உடைந்த உளிக்கு மாற்று தேடிப் போனவன் அதைப் பார்த்தான். கட்டியின் ஓரத்தில் நிப்பு வால்கள் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கடையில் பழைய ஸ்டாக்காக அடுக்கி வைத்திருந்த பட்டை நிப்புப் பெட்டிகள் அப்படியே ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. கூடவே கட்டைகளும் கிடந்தன. மரம் உப்பி, குழல்கள் துருவேறியிருந்தன.

மரியபுஷ்பம் ஒரு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆண்டியிடம் போனாள்.

"இதை வெச்சு என்ன பண்ணுவ தாயி? உருக்கக்கூட ஆவாது" என்றார் ஆண்டி.

"அது என் பாடுங்க. குடத்தை எடுத்துக்குங்க, அதைக் குடுங்க."

குடத்தைத் திருப்பிப் பார்த்த ஆண்டி, அதில் வெட்டியிருந்த பேரைப் படித்தார். "இது உன் கல்யாணக் குடமாச்சே."

"தண்ணி மண்குடத்துலயும் மொள்ளலாம்."

சாயங்காலம் விஷயம் தெரிந்து மிக்கேல் கோபித்துக்கொண்டான். அவளுக்கென்று அவன் ராத்திரி வேலை பார்த்துப் பேர் வெட்டிய குடம் அது. ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் அவனே ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வாங்கி வந்து, அந்தக் கட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

கட்டியை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டாள். அடித்துப் பிரித்தால் முனை ஒடியும். ஊற ஊற, ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தளர்ந்து வந்தது. வந்ததில் பாதி சல்லடை. எடுத்த எடுப்பிலேயே பொடிந்தது. மீதியை எலுமிச்சைச் சாற்றில் போட்டாள். துரு கரைந்து சாறு பழுப்பாவதைப் பார்த்த சந்தோஷத்தில் அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது துருவோடு சேர்த்து இரும்பையும் சாறு தின்றிருந்தது. முனைகள் எலி கடித்தது மாதிரி இருந்தன. அந்தத் தட்டு முழுவதும் வீணாயிற்று. தட்டைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அடுத்த கைப்பிடி நிப்பை எடுத்தாள்.

இந்தத் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சாற்றில் போட்டு, துரு இளகியதும் எடுத்து, ஈரத் துணியில் சலித்த சாம்பலைத் தொட்டுத் தேய்த்தாள். போகாவிட்டால் மறுபடி ஒரு முக்கு. பிளவுக்குள் இருப்பதை எடுக்க ஜிகினாத் தகட்டைக் கத்தரித்து உள்ளே விட்டு இழுத்தாள். புளிப்பு தங்கினால் மறுபடி துரு வரும் என்பதால் ஆப்பசோடாத் தண்ணீரில் அலசி, பிறகு கொதிநீரில் போட்டு எடுத்தாள். கொதிநீரில் சூடேறிய நிப்பு வெளியே எடுத்ததும் தானே உலர்ந்துவிடும். உதவி செய்கிறேன் என்று மிக்கேல் கொஞ்சத்தைத் தோசைக்கல்லில் போட்டுக் காய வைத்தான். அவை மயில்கழுத்து நிறத்துக்கு மாறின. பார்க்க அழகாக இருந்தன. காகிதத்தில் வைத்து அழுத்தினால் வளைந்த இடத்திலேயே நின்றன.

"சூட்டுல இரும்போட வீம்பு போயிருச்சு. இனி இது நிமிராது" என்றான் மிக்கேல், தலையைச் சொறிந்துகொண்டு.

"அப்ப கல்லு பக்கமே காட்டக் கூடாது" என்றாள் அவள்.

கட்டைகளுக்கு வேறு வைத்தியம். குழலுக்குள் ஒட்டிக்கொண்ட நிப்பை இழுத்தால் குழல் கிழியும். தலைகீழாக மண்ணெண்ணெயில் நிறுத்தி, மறுநாள் மெல்லத் திருகினாள். உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுச் சுழற்றித் துருவைச் சுரண்டினாள். உப்பிய மரத்தை நிழலில் உலர்த்தி, ஆளி விதை எண்ணெய் பூசினாள்.

கடைசியில் ஒரு பழைய பவுடர் டப்பா நிறையும் அளவுக்கு நிப்புகள் தேறின. பளபளப்பு இல்லை, அங்கங்கே புள்ளி விழுந்திருந்தது. ஆனால் முனை உறுதி. இங்கேதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பட்டை நிப்பின் வாயை வலது கைக்காரனுக்குத் தோதாக வெட்டியிருப்பார்கள். இடது கையை வரிக்குக் கீழே இறக்கி வைத்தால் அதில் கோடு சரியாக விழாது. அதனால்தான் அவள் இத்தனை காலம் அட்டையைக் குறுக்கே திருப்பி எழுதினாள். துருப்பிடித்த முனையை எப்படியும் தீட்டியாக வேண்டும். தீட்டுவதை மறுபக்கம் சாய்த்துத் தீட்டினால் என்ன? மிக்கேலின் தீட்டுக்கல்லில் எண்ணெய் விட்டு, நிப்பை இடது பக்கம் சரித்துப் பதமாக இழுத்தாள். பிசிறைத் தோலில் தேய்த்து எடுத்தாள். மையில் தொட்டு, அட்டையைத் திருப்பாமல், கையைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்து 'அ' என்று எழுதினாள். தடிக்க வேண்டிய இடத்தில் தடித்தது. மெலிய வேண்டிய இடத்தில் மெலிந்தது. ஈர மையின்மேல் கை படவில்லை.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தன் கைக்கென்று ஒரு சாமான் கிடைத்தது போலிருந்தது அவளுக்கு. அன்று அடுப்பு மூட்டவே மறந்துபோனாள்.

அடுத்த வாரம் அரிசிபாளையத்தில் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'வாழ்த்து மடல்கள், வரவேற்பு மடல்கள் இடது கையால் அழகுற எழுதித் தரப்படும். மி. மரியபுஷ்பம்.' தெருவே கூடி நின்று படித்தது. 'இடது கையால்' என்ற சொல்லின்மேல் மூன்றாம் நாள் யாரோ தார் பூசினார்கள். அவள் தாரைச் சுரண்டிவிட்டு, அந்தச் சொல்லை முன்னைவிடப் பெரிதாக எழுதினாள். கோயில் உபதேசியார் தோமினிக் ஞாயிறு பூசை முடிந்து அவளை நிறுத்தினார்.

"எழுதறது எழுதிக்கோ புஷ்பம். அதை ஊருக்குப் பறைசாத்தணுமா? சிலுவை போடறது எந்தக் கையில?"

"வலது கையிலதான் போடறேனுங்க. அதுல எனக்குச் சண்டை இல்லை. எழுதறது இந்தக் கையில. மறைச்சா, நான் ஏதோ தப்புப் பண்றேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

ஆர்டர் ஒன்றும் வரவில்லை. வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். மிக்கேல் கூடுதலாகப் பேர் வெட்டினான். அவள் பள்ளிப் பிள்ளைகளின் பாவாடைக்கு விளிம்பு தைத்தாள். ஆனாலும் சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்பு கொஞ்ச நேரம் எழுதுவாள். நிப்பைக் கழுவுவாள், துடைப்பாள், எண்ணெய் தொட்டு வைப்பாள். ஒரு வருஷத்துக்குமேல் இப்படியே ஓடியது.

மறு ஆண்டு ஐப்பசி அடைமழையில், நாமக்கல்லிலிருந்து சின்னுசாமி என்பவர் வந்து கதவைத் தட்டினார். லாரி உரிமையாளர். அங்கே லாரிக்காரர்கள் சங்கம் புதுக் கட்டடம் கட்டியிருந்தது. திறந்து வைக்க ஒரு பெரிய அதிகாரி வருகிறார். அவருக்கு வரவேற்பு மடல் வேண்டும். தீர்த்தகிரியிடம்தான் முதலில் கொடுத்திருந்தார்கள். அங்கே புதிதாக எழுதிக்கொண்டிருந்த கைலாசம் நல்ல எழுத்துக்காரன்தான். ஆனால் நிப்பைக் கழுவாமல் கட்டையிலேயே விட்டு, பிறகு அப்படியே டப்பாவில் போடும் பழக்கம். மழைக்கால ஈரத்தில் டப்பாவில் இருந்ததெல்லாம் துருவேறி, மடலின் நடுவில் மை கொட்டிவிட்டது. நிப்பு கிடைக்கும் வழியில்லை என்று தீர்த்தகிரி கைவிரித்துவிட்டார்.

"வெள்ளிக்கெழம விழாவுங்க. இன்னிக்குத் திங்கள். முடியுங்களா?" என்றார் சின்னுசாமி.

"முடியும். வெளியில பலகையைப் படிச்சீங்களா?"

"படிச்சேனுங்க."

"இடது கைன்னு இருக்கே. பரவாயில்லையா?"

சின்னுசாமி சிரித்தார். "நானு லாரி ஓட்டி லாரி வாங்குனவனுங்க. கியர் போடறதே இடது கையிலதானுங்க. அதை விட்டுட்டு ஓட்டுனா வண்டி ஊடு போய்ச் சேருமுங்களா?"

மரியபுஷ்பம் எழுதினாள். மை உலர மறுக்கும் மழை நாட்கள். கரி அடுப்பை எட்ட வைத்து அட்டையைக் காய வைத்து எழுதினாள். ஓரத்தில் கொடிக்குப் பதிலாக வரிசையாக லாரிச் சக்கரங்கள் வரைந்தாள். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'இம்மடலை இடது கையால் எழுதியவர் அரிசிபாளையம் மி. மரியபுஷ்பம்.'

வாங்க வந்த சின்னுசாமிக்குச் சக்கரங்கள் மிகவும் பிடித்துவிட்டன. கடைசி வரியைப் பார்த்ததும் தயங்கினார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா அதிகாரி என்ன நெனப்பாரோ. சங்கத்துல பெரியவங்க இருக்காங்க. பேரு இருக்கட்டும், கையை மட்டும் எடுத்துருங்களே."

"எடுக்க முடியாதுங்க. மை அட்டைக்குள்ள இறங்கிருச்சு. சுரண்டினா அட்டை கிழியும்."

"மேல ஒரு பட்டையா காயிதம் ஒட்டிக்கலாமுங்க."

"ஒட்டறதா இருந்தா மடலை இங்கயே வெச்சிட்டுப் போயிருங்க."

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சின்னுசாமி வாசலில் நின்ற காரைப் பார்த்தார், மடலைப் பார்த்தார். "நீங்களும் விழாவுக்கு வாங்க. யாராச்சும் கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்றார்.

"வரேன்."

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. மிக்கேலும் அவளும் பஸ்ஸில் நாமக்கல் போய்ச் சேர்ந்தபோது பந்தல் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வேட்டி சட்டை, பின்னால் காக்கி. சங்கச் செயலாளர் வேலுமணி மடலை இரு கையிலும் உயர்த்திப் பிடித்து உரக்கப் படித்தார். நல்ல குரல். 'இங்ஙனம், லாரி உரிமையாளர்கள்' என்பதோடு நிறுத்திவிட்டு, மடலை அதிகாரி பக்கம் திருப்பினார்.

பெண்கள் பகுதியிலிருந்து மரியபுஷ்பம் எழுந்தாள்.

"இன்னும் ஒரு வரி இருக்குங்க" என்றாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் மேடைவரை கேட்டது. வேலுமணி கேட்காதவர் மாதிரி நின்றார். அவள் உட்காரவில்லை. பந்தலில் சலசலப்பு எழுந்தது. யாரோ அவள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். மிக்கேல் ஆண்கள் பக்கத்தில் எழுந்து நின்றான், எதற்கென்று அவனுக்கே தெரியாமல். அதிகாரி மடலை வாங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, அடியில் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்து அந்த வரியை அவரே படித்தார். 'இம்மடலை இடது கையால் எழுதியவர்...'

முன்வரிசையில் ஒருவர் "பீச்சாங்கையிலயா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது. சிலர் சிரித்தார்கள்.

"ஆமாங்க, இந்தக் கைதான்" என்று மரியபுஷ்பம் இடது கையை மடக்காமல் உயர்த்திக் காட்டினாள். விரல்களில் மைக்கறை இருந்தது.

பின்னால் காக்கிச் சட்டைக்காரர்கள் பக்கமிருந்து ஒரு விசில் வந்தது. "கியரு போடற கையிடா" என்று ஒரு டிரைவர் சத்தமாகச் சொன்னான். அந்தப் பக்கம் முழுக்கக் கை தட்டியது. முன்வரிசை தட்டவில்லை. அதிகாரி மடலைப் பத்திரமாக மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு லாரிக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். வீட்டுக் கல்யாணம், புது வண்டி பூசை, பணி ஓய்வு எதுவானாலும் அவளிடம்தான். இளம்பிள்ளை நெசவாளர்கள் சிலரும் வந்தார்கள். கடைசி வரி இல்லாமல் கேட்டவர்களும் உண்டு. அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவாள். மல்லசமுத்திரத்துச் சென்னியப்பன் வீட்டிலிருந்து கடைசிவரை யாரும் வரவில்லை.

தீர்த்தகிரி ஒரு நாள் வந்தார், கையில் அந்தத் தகர டப்பாவோடு. உள்ளே நிப்புகள் சிவந்து கிடந்தன.

"மறுபடி கடைக்கு வந்துரு புஷ்பம்மா. நீ இருந்தவரைக்கும் இதுங்க நல்லா இருந்துச்சு."

"பின்னறைக்கா?"

அவர் டப்பாவை மூடினார்.

"வர மாட்டேனுங்க. நிப்பை வெச்சிட்டுப் போங்க. சுத்தம் பண்ணித் தரேன். கைலாசத்தை ஒரு தரம் இங்க வரச் சொல்லுங்க, எப்படிக் கழுவி வெக்கறதுன்னு காட்டறேன். அந்த ஆளு மேல எனக்கு ஒண்ணும் இல்லை."

கைலாசம் வந்தான். வலது கைக்காரனான அவனுக்கு அவனுடைய நிப்புகளை வலது பக்கச் சரிவிலேயே தீட்டிக் கொடுத்தாள்.

1967இல் கோயிலில் புதுப் பீடத்தை அர்ச்சித்துத் திறந்துவைக்க ஆயர் வருவதாக ஏற்பாடாயிற்று. உபதேசியார் தோமினிக் தானே வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வரவேற்பு மடலை அவள்தான் எழுத வேண்டும் என்றார். நம் பங்குக் கோயிலிலேயே இவ்வளவு பேர் எடுத்த கை இருக்கும்போது வெளியில் எதற்குப் போவது என்றார். கடைசியில் தொண்டையைக் கனைத்தார்.

"அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாம் புஷ்பம். கோயில் காரியம் பாரு."

"கோயிலுக்குன்னா காசு வேண்டாம், அட்டையும் என்னோடது. வரி இல்லாம எழுத மாட்டேனுங்க."

"ஒரு தடவை, ஆண்டவருக்காக."

"இந்தக் கையைக் குடுத்ததே அவருதானுங்க."

மடல் அச்சில் அடிக்கப்பட்டது. விழாவன்று மரியபுஷ்பம் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, மிக்கேலோடு போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். அச்சு மடலைப் படிக்கும்போது முழுக்கக் கேட்டாள். ஓரிடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது மிக்கேல் கேட்டான். "மனசு கஷ்டமா இருக்கா?"

"இருக்கு. இல்லைன்னு சொன்னா பொய்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்: "ஆனா அடுத்த தடவை வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். சீக்கிரம் நடங்க. ராசிபுரத்துக்காரர் நாளைக்கு மடல் வாங்க வரார், இன்னும் பாதி பாக்கி இருக்கு."